கடை முதலைக் கரைத்து மனை வாங்கலாமா?



கடைவீதியில் இரண்டு வியாபாரிகள் சந்தித்துக் கொண்டால், துவரை என்ன விலை போகிறது, சர்க்கரை ஏறுமா இறங்குமா என்று பேசிக் கொள்வது வழக்கம். இப்போது அந்தப் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்து, "பைபாஸ் பக்கம் சென்ட் என்ன சொல்கிறார்கள்?" என்பதில் வந்து நின்று விடுகிறது. சங்கக் கூட்டம் முடிந்து காப்பி சாப்பிடும் நேரத்தில் கவனித்துப் பாருங்கள். சரக்கைப் பற்றிப் பேசுகிறவர்களைவிட மனையைப் பற்றிப் பேசுகிறவர்கள்தான் அதிகம்.

நிலம் வாங்குவது தவறு என்று சொல்ல நாம் வரவில்லை. நம் பெரியவர்களும் கடையில் மிஞ்சியதை நிலத்திலும் நகையிலும்தான் போட்டு வைத்தார்கள். இன்று பல ஊர்களில் சங்கக் கட்டடம், கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம் எல்லாம் நிற்பது அப்படி மிஞ்சிய பணத்தால்தான். ஆனால் "மிஞ்சியதை" என்ற சொல்லை நம்மவர்கள் பலர் இப்போது விட்டு விட்டார்கள். மிஞ்சுவதற்கு முன்பே எடுக்கிறார்கள். சொல்லப்போனால், சில பேர் தங்களுடையதே அல்லாத பணத்தையும் எடுக்கிறார்கள்.

மொத்த வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு இது மற்றவர்களுக்கு முன்பே தெரிந்து விடும். 21 நாளில் தவறாமல் பணம் அனுப்பிக் கொண்டிருந்த கடைக்காரர் 40 நாள் என்பார், பிறகு 60 நாள் என்பார். ஆள் அனுப்பினால், "முதலாளி வெளியூர் போயிருக்கிறார்" என்று பதில் வரும். கடையில் போய்ப் பார்த்தால் அலமாரியில் முன்வரிசை மட்டும் நிறைந்திருக்கும், பின்னால் காலியாக இருக்கும். ஆறு மாதம் கழித்து அவரே இனிப்புப் பெட்டியோடு வந்து, "சின்னதாக ஒரு இடம் பத்திரம் முடித்தேன், அண்ணாச்சி" என்பார். நாமும் வாழ்த்துச் சொல்லி இனிப்பைச் சாப்பிடுகிறோம். அது நமது பாக்கியில் வாங்கிய இனிப்பு என்று சொல்லவா முடியும்? ஊருக்கு வெளியே கல் நட்டுக் கிடக்கும் மனைகளில் எத்தனை மனை மண்டிக்காரர்களின் கடன் சரக்கில் வாங்கியது என்று கணக்கெடுத்தால் நமக்கே மயக்கம் வரும்.

இதனால் மண்டிக்காரருக்கு மட்டும்தான் நஷ்டம் என்று நினைக்க வேண்டாம். சிறு, குறு தொழிலாகப் பதிவு செய்த அரிசி ஆலை, பருப்பு ஆலை போன்ற உற்பத்தியாளரிடம் நாம் வாங்கிய சரக்குக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் போய்ச் சேர வேண்டும். கெடு தாண்டி அந்த நிதியாண்டு முடியும்போதும் பாக்கி நின்றால், 2023-24 நிதியாண்டு முதல் அந்தக் கொள்முதலை அந்த ஆண்டுச் செலவாகக் கழிக்க முடியாது. கட்டிய பிறகுதான் கழிக்கலாம். ஜி.எஸ்.டி.யிலும் 180 நாளுக்குள் சரக்குக் கொடுத்தவருக்குப் பணம் கட்டாவிட்டால், எடுத்த உள்ளீட்டு வரியை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். மனையில் முடங்கிய பணம் இப்படியெல்லாம் வழி வழியாக வந்து கடையைத் தொடும். சரக்கின் பேரில் வாங்கிய சி.சி. கடனை எடுத்து மனைக்குக் கட்டுவதோ வங்கியின் நிபந்தனைக்கே விரோதமானது. மேனேஜர் கண்டு கொள்ளாமல் இருக்கிற வரையில்தான் அந்தக் கதை ஓடும்.

"கடையில் என்ன பெரிய லாபம்? நிலம்தான் ஐந்து வருடத்தில் இரட்டிப்பாகிறதே" என்பார்கள். சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ரூ.20 லட்சத்துக்கு ஒரு மனை வாங்குகிறோம் என்று வைத்துக் கொள்ளுங்கள். முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம், ஆக 9 சதவிகிதம் என்றால் ரூ.1 லட்சத்து 80 ஆயிரம். (2023 வரை பதிவுக் கட்டணம் 4 சதவிகிதமாக இருந்தது. அதைப் பாதியாகக் குறைத்தபோதே வழிகாட்டி மதிப்பை ஏற்றி விட்டார்கள்.) தரகு 2 சதவிகிதம் என்றால் ரூ.40 ஆயிரம். மொத்தம் ரூ.22 லட்சத்து 20 ஆயிரம். பத்திரம் எழுதும் கூலி, வக்கீல் கட்டணம், கம்பி வேலி இவற்றையெல்லாம் விட்டு விடுவோம்.

இதே ரூ.22 லட்சத்து 20 ஆயிரம் கடையில் மாதம் ஒரு முறை புரண்டு, செலவெல்லாம் போக நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் நிற்கிறது என்றால், ஆண்டுக்கு 18 சதவிகிதம். அதாவது சுமார் ரூ.4 லட்சம், ஐந்து ஆண்டில் ரூ.20 லட்சம். லாபத்தை மறுபடி முதலோடு சேர்க்காமல் சொல்கிறோம். இதற்கு ஈடாக அந்த மனையை விற்று, மூலதன ஆதாய வரி 12.5 சதவிகிதம் கட்டி, கையில் அதே தொகை நிற்க வேண்டுமானால், 20 லட்சத்து மனை ஐந்து ஆண்டில் சுமார் 45 லட்சத்துக்குப் போக வேண்டும். கடை லாபத்துக்கும் வருமான வரி உண்டே என்று கேட்பீர்கள். ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போனதாக வைத்துக் கொண்டாலும் 40 லட்சத்துக்குக் குறையாமல் விற்றாக வேண்டும். ஆக, "இரட்டிப்பாகிறது" என்று பெருமையாகச் சொல்கிறோமே, இரட்டிப்பானால்தான் கடையில் கிடந்த பணத்துக்குச் சமம். கூடுதலாக ஒரு ரூபாயும் சம்பாதித்ததாக ஆகாது.

கடைக்குத் தேவையான அளவுக்கு மேல் பணத்தைக் கடையிலேயே போட்டுக் கொண்டிருக்க முடியாது என்பதும் உண்மைதான். மூன்று மாதத்தில் விற்கும் சரக்கை ஒரு வருடத்துக்கு வாங்கி அடுக்கினால் வண்டு பிடிக்கும். அப்படி உண்மையிலேயே மிகுந்து நிற்கும் பணம்தான் நிலத்துக்கு உரிய பணம். அது எவ்வளவு என்று கல்லாவைத் திறந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஐந்தொகை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். கொடுக்க வேண்டிய பாக்கி அத்தனையும் கழித்து, ஆறு மாதச் சம்பளம், வாடகை, கரண்ட் பில்லுக்குத் தனியாக எடுத்து வைத்து, அதற்கும் மேல் நின்றதை வேறு ஒரு வங்கிக் கணக்கில் மாதா மாதம் மாற்றிக் கொண்டே வர வேண்டும். மனைக்கு அட்வான்ஸ் கொடுப்பது அந்தக் கணக்கிலிருந்து மட்டும்தான் என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக் கொண்டவர்கள் நமது வட்டாரத்திலேயே சிலர் இருக்கிறார்கள். அவர்கள் ஐந்து ஆண்டுக்கு ஒரு இடம்தான் வாங்குகிறார்கள். ஆனால் அவர்கள் வாங்கிய இடம் எதுவும் ஏலத்துக்குப் போனதில்லை.

முதலில் எதை வாங்குவது என்றும் கேட்கிறார்கள். வாடகைக் கட்டடத்தில் கடை நடத்துகிறவருக்கு முதல் சொத்து அந்தக் கடைக் கட்டடம்தான். அது கிடைக்காவிட்டால் பக்கத்திலேயே ஒரு குடோன். மனையில் காட்டுச் செடிதான் முளைக்கும். குடோனில் சரக்கு நிற்கும், வாடகை மிச்சமாகும், வங்கியில் அடமானமாகவும் பயன்படும். பத்து சென்ட் தரிசை எங்கேயோ வாங்கிப் போட்டுவிட்டு, இங்கே கட்டடக்காரர் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் விடும்போது கையைப் பிசைந்து கொண்டு நிற்பவர்களைப் பார்க்கிறோம்.

இனி வாங்கும் முறைக்கு வருவோம். உளுந்து வாங்கினால் மூட்டையில் குத்தூசி விட்டு மாதிரி எடுத்து, கையில் போட்டு ஊதி, பல்லில் கடித்துப் பார்க்கிறோம். பத்து மூட்டையில் ஒன்று ஈரம் என்றால் லோடையே திருப்பி அனுப்புகிறோம். இத்தனையும் செய்கிற அதே வியாபாரி ஒரு ஞாயிற்றுக்கிழமை புரமோட்டர் அனுப்பும் வேனில் ஏறிப் போகிறார். கலர்க் கொடி கட்டிய மைதானம், டி.வி. நடிகர் படம் போட்ட போர்டு, மதியம் பிரியாணி, இன்றே முன்பதிவு செய்தால் தங்கக் காசு. சாப்பிட்டது செரிக்கும் முன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார். நூறு மூட்டைக்கு நாலு மண்டியில் விலை விசாரித்தவருக்கு, பக்கத்துத் தோட்டக்காரரிடம் நாலு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

வில்லங்கச் சான்று ஒன்று போட்டுப் பார்த்து விட்டால் எல்லாம் முடிந்தது என்ற எண்ணமும் நம்மவர்களிடம் இருக்கிறது. பதிவு அலுவலகத்தில் பதிவானது மட்டும்தான் அதில் வரும். பதிவு செய்யாத உயிலோ, பத்திரத்தைக் கையில் கொடுத்து வாங்கிய கைமாற்றோ, கோர்ட்டில் நடக்கும் வழக்கோ அதில் பெரும்பாலும் தெரியாது. அதனால் 30 ஆண்டு வில்லங்கத்தோடு, மூலப் பத்திரம் முதல் கைக்குக் கை வந்த பத்திரங்கள் அத்தனையும் அசலாகப் பார்க்க வேண்டும். பட்டா, புலப்படம், அ-பதிவேடு மூன்றிலும் சர்வே எண்ணும் பரப்பும் ஒத்துப் போகிறதா என்று பார்க்க வேண்டும். அசல் பத்திரம் "பீரோவில் இருக்கிறது, அப்புறம் தருகிறேன்" என்றால், அது பீரோவில் இல்லை, யாரிடமோ அடமானத்தில் இருக்கிறது என்று எடுத்துக் கொள்வதே நல்லது.

குடும்பச் சொத்து என்றால் பெண் பிள்ளைகளின் கையெழுத்தை விட்டு விடாதீர்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போல் பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டத் திருத்தம் வந்தது. நாடு முழுவதற்கும் 2005-ல் வந்தது. 2005-ல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை, பிறப்பாலேயே அந்த உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லி விட்டது. "தங்கச்சிக்குத்தான் சீர் செய்து கட்டிக் கொடுத்து விட்டோமே" என்று விற்பவர் சொல்லும் பேச்சுக்குச் சட்டத்தில் இடம் இல்லை. நாம் வாங்கிக் கட்டடம் கட்டி முடித்த பிறகு அந்தத் தங்கச்சி வழக்குப் போட்டால், தவறு அந்த அம்மாளுடையது அல்ல.

பவர் பத்திரத்தை நம்பி வாங்குவது அடுத்த ஆபத்து. பொது அதிகாரப் பத்திரத்தினால் மட்டும் சொத்து கைமாறி விடாது என்று 2011-லேயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. எழுதிக் கொடுத்தவர் காலமானால் பொதுவாகப் பவரும் அதோடு போய் விடும். பவர் ஏஜெண்டிடம் வாங்கியே தீர வேண்டும் என்றால், சொத்துக்காரரை நேரில் பார்த்துப் பேசாமல் பணம் கொடுக்கக் கூடாது. கோயில் நிலம், வக்பு நிலம், நீர்நிலைப் புறம்போக்கு இவை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1892 முதல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று அரசு வழங்கிய பஞ்சமி நிலத்தை மட்டும் பலர் கவனிப்பதில்லை. அதைப் பிறர் வாங்கினால் அந்தக் கிரயம் செல்லாது. சட்டம் ஒரு புறம் இருக்கட்டும், ஏழைக்கென்று கொடுத்த நிலத்தில் நாம் காம்பவுண்டு எழுப்புவது வணிகனுக்கு அழகும் அல்ல.

அங்கீகாரம் இல்லாத மனைக்கு என்ன கதி என்பதை 2016-ல் கண்ணால் பார்த்தோம். அந்த ஆண்டு செப்டம்பர் 9-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. சரியாக இரண்டே மாதத்தில், நவம்பர் 8-ல் ரூ.500, ரூ.1000 நோட்டு செல்லாது என்றார்கள். மகள் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று மனையை வைத்திருந்தவர்கள் விற்கவும் முடியாமல், அடமானம் வைக்கவும் முடியாமல் தவித்த தவிப்பு கொஞ்சமல்ல. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017 மே மாதம் விதிகள் வந்த பிறகுதான் மூச்சு விட்டார்கள். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது" என்று இன்றும் சிலர் சொல்லி விற்கிறார்கள். மனைப்பிரிவுக்கு டி.டி.சி.பி. அல்லது சென்னைப் பகுதியில் சி.எம்.டி.ஏ. அனுமதி வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவோ, எட்டு வீட்டுக்கு மேற்பட்ட அடுக்குமாடியோ என்றால் 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி ரெரா பதிவு எண்ணும் வேண்டும். அந்த எண்ணை ஆணையத்தின் இணையப் பக்கத்தில் நீங்களே அடித்துப் பார்க்கலாம், பேரன் பேத்தியிடம் சொன்னால் இரண்டு நிமிட வேலை. அப்படிப் பதிவான திட்டத்தில் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் பத்து சதவிகிதத்துக்கு மேல் முன்பணம் வாங்க புரமோட்டருக்கு அதிகாரம் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

தனி ஆளிடம் வாங்கும்போது போடும் கிரய ஒப்பந்தத்தையும், தமிழ்நாட்டில் 2012-ல் வந்த திருத்தப்படி பதிவு செய்தாக வேண்டும். வெறும் இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டு ஐந்து லட்சம் கொடுத்து விட்டு வருகிறோம். மீதிப் பணம் புரட்ட முடியாமல் கெடு தாண்டி, அட்வான்ஸ் முழுகிப் போன கதைகள் எல்லா ஊரிலும் உண்டு.

மண்ணைப் பார்ப்பதற்கு நாம் சொல்லும் பழக்கம் ஒன்றுதான்: ஐப்பசி, கார்த்திகையில் ஒரு முறை போய்ப் பார்க்காமல் எந்த இடத்துக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். சித்திரை வெயிலில் எல்லா நிலமும் மேடாகத்தான் தெரியும். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னை முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீட்டுக்காரர்களைப் படகில் கொண்டு வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஏரி, தாங்கல், ஓடை என்று பழைய வரைபடத்தில் இருப்பது மழை வந்தால் திரும்பி வரும். அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் "இந்த இடத்துக்கு முன்பு என்ன பெயர்?" என்று கேட்டாலே பாதி விஷயம் தெரிந்து விடும்.

இடத்தின் மதிப்பு எதனால் வருகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். "பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வாங்கினால் என்றைக்கும் நஷ்டம் இல்லை" என்று கண்ணை மூடிக் கொண்டு சொல்வார்கள். சென்னை கொத்தவால் சாவடியில் ஒரு கடை கிடைத்தால் ஏழு தலைமுறைக்குப் போதும் என்று ஒரு காலத்தில் பேசினார்கள். 1996-ல் காய்கறி, பழ மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போனது. 2002-ல் வெளியூர் பஸ் நிலையமும் அங்கே வந்ததும், கோயம்பேட்டைச் சுற்றி லாட்ஜும் ஓட்டலுமாக எழும்பின. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் திறந்தார்கள், தென் மாவட்டப் பஸ்கள் அங்கே போய் விட்டன. திருச்சியில் 2025-ல் பஞ்சப்பூருக்கு மாறியது. பஸ் போன இடத்தில் டீ வியாபாரம் முதல் அறை வாடகை வரை எல்லாம் அடி வாங்கும். அரசு ஒரு கையெழுத்தில் மாற்றக் கூடிய ஒன்றை மட்டும் நம்பி முழுப் பணத்தையும் போடக் கூடாது. குடியிருப்பு, பள்ளி, ஆஸ்பத்திரி, தண்ணீர் என்று இரண்டு மூன்று காரணமாவது ஒரு இடத்துக்கு இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம், எல்லோரும் செய்கிறார்கள், யாரும் எழுதுவதில்லை. 20 லட்சத்துக்கு வாங்கி 12 லட்சத்துக்குப் பத்திரம் போடுகிறோம். அப்படிக் குறைத்த 8 லட்சத்தில் 9 சதவிகிதமாக ரூ.72 ஆயிரம் மிச்சம் என்று மகிழ்கிறோம். நாளைக்கு விற்கும்போது வாங்கும் ஆள் வங்கிக் கடன் போடுகிறார், முழு விலைக்கும் பத்திரம் வேண்டும் என்கிறார். அப்போது நமது கொள்முதல் 12 லட்சம்தான் என்று கணக்காகி, அந்த 8 லட்சமும் லாபமாகத் தெரியும். அதற்கு வரி மட்டும் ரூ.1 லட்சம். ரூ.72 ஆயிரத்துக்கு ஆசைப்பட்டு ரூ.1 லட்சம் கொடுக்கிறோம், அதுவும் நடுவே நோட்டீஸுக்குப் பயந்து கொண்டு. சாலைக்கோ ரயிலுக்கோ அரசு அந்த இடத்தை எடுத்தால், இழப்பீடு பேசுவதும் வழிகாட்டி மதிப்பையும் பதிவான விலைகளையும் வைத்துத்தான். மேலும் 2015 ஜூன் முதல் அசையாச் சொத்துக் கிரயத்தில் ரூ.20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் உண்டு. அபராதம் விற்பவருக்குத்தானே என்று இன்று நினைக்கிறோம், நாளை நாமும் விற்பவர்தான்.

வாடகைக்கு விடுகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பழகிய ஆள் என்று வாய் வார்த்தையில் விட்டால் பிறகு வாயால்தான் சண்டை போட வேண்டியிருக்கும். கடையையோ குடோனையோ வாடகைக்கு விடும் வியாபாரி, தன் பெயரிலேயே ஜி.எஸ்.டி. எண் வைத்திருந்தால் அந்த வாடகைக்கும் 18 சதவிகிதம் வரி உண்டு. கடைக் கணக்கு வேறு, வாடகைக் கணக்கு வேறு என்று சொல்ல முடியாது, இரண்டுக்கும் ஒரே பான் எண்தானே. கட்டடக்காரருக்கு எண் இல்லாவிட்டால், 2024 அக்டோபர் 10 முதல் வாடகைக்கு இருக்கும் பதிவு பெற்ற வியாபாரியே அந்த வரியைக் கட்ட வேண்டும். இணக்க வரி, அதாவது காம்போசிஷன் முறையில் இருக்கும் சில்லறைக் கடைக்காரர்களுக்கு மட்டும் 2025 ஜனவரி 16 முதல் இதில் விலக்கு கிடைத்தது. ஆடிட்டரிடம் இதைக் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள், நமது ஆட்களில் பாதிப் பேர் இன்னும் கட்டாமல் இருக்கிறார்கள்.

வாங்கிப் போட்ட பிறகு திரும்பிப் பார்க்காமல் இருப்பதும் நம்மிடம் உள்ள ஒரு வழக்கம். கடையில் எலி வந்ததா என்று தினமும் பார்க்கிறோம், 20 லட்சத்து மனையை மூன்று வருடமாகப் பார்க்கவில்லை. அடுத்தவர் அனுபவத்தில் 12 ஆண்டு தொடர்ந்து விட்டால் பிறகு மீட்பது கடினம். சொத்து ஒவ்வொன்றுக்கும் பேரேட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வாங்கிய விலை, பதிவுச் செலவு, வேலி போட்டது, காலிமனை வரி, வாடகை வரவு எல்லாம் அதில் ஏற வேண்டும். தை பிறந்ததும் ஒரு முறை நேரில் போய் எல்லைக் கல்லைப் பார்த்துவிட்டு, போட்டோ எடுத்து, புதிதாக ஒரு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். உட்பிரிவு தேவைப்படாத நிலங்களுக்கு இப்போது பதிவோடு சேர்த்தே பட்டா மாறும் ஏற்பாடு இருக்கிறது. உட்பிரிவு தேவை என்றால் சர்வேயர் அளந்த பிறகுதான் மாறும். அதை முடிக்காமல் இரண்டாவது மனைக்குப் போகக் கூடாது என்பது நமது அபிப்பிராயம். பேரேட்டின் அந்தப் பக்கத்தை வீட்டம்மாளுக்கும் காட்டி வையுங்கள். கணவர் போன பிறகு பத்திரம் எந்தப் பெட்டியில் என்று தெரியாமல் அலைகிற குடும்பங்கள் நம்மில் உண்டு. பெண்கள் பெயரில் வாங்கினால் ரூ.10 லட்சம் மதிப்பு வரை பதிவுக் கட்டணத்தில் 1 சதவிகிதம் குறைவு என்று 2025 ஏப்ரல் முதல் சலுகையும் வந்திருக்கிறது. அவர்களுக்குத் தெரியாமல் அவர்கள் பெயரில் வாங்குவதில் பிரயோஜனம் இல்லை.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஜி.எஸ்.டி. வந்தபோது மாதம் ஒரு நாள் ஆடிட்டரைச் சங்கக் கட்டடத்துக்கு வரவழைத்தால் நலம் என்று பல ஊர்ச் சங்கங்களில் பேசப்பட்டது. அதே போல், மாதம் ஒரு மாலை சிவில் வழக்கு பார்க்கும் வக்கீல் ஒருவரையும், ஓய்வு பெற்ற சர்வேயர் ஒருவரையும் உட்கார வைக்கலாம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் உறுப்பினர்கள் பத்திர நகலைக் கொண்டு வந்து காட்டட்டும். கட்டணத்தில் பாதியைச் சங்கம் ஏற்றாலும் பெரிய செலவாகாது. அடுத்த செயற்குழுவில் இதைப் பொருளாக வைக்கும்படி கேட்டுக் கொள்கிறோம். உறுப்பினர்கள் தங்கள் கருத்தை அதற்குள் சங்க அலுவலகத்துக்கு எழுதி அனுப்பினால் நல்லது.